நாங்களே மூழ்கவைத்த படகு

என் அண்ணனுக்குச் சிறுவயதுக் காய்ச்சலில் இரண்டு காலும் போய்விட்டன. வீட்டை விட்டு வெளியே போக வேண்டுமானால் யாராவது முதுகில் தூக்க வேண்டும், பெரும்பாலும் நான்தான். மேட்டூர் அணை வேலை முடிந்து சீமைக்குக் கிளம்பிய துரை ஒருவர் தம் சின்ன மரப்படகை விற்றபோது, அண்ணன் பிடிவாதமாக வாங்கினார். ஊரே சிரித்தது. மீன் பிடிக்க இல்லை, ஆள் ஏற்ற இல்லை, சும்மா போய்வர ஒரு படகாம்! சிரித்துத் தொலையட்டும். துடுப்பைப் பிடித்துவிட்டால் அண்ணனுக்கு ஒருத்தர் முதுகும் வேண்டியதில்லை. காலையில் ஆற்றில் இறங்கினால் வெயில் ஏறிய பிறகுதான் கரைக்கு வருவார்.

படகு போனால் இன்னொன்று வாங்க எங்களுக்கு வக்கில்லை. அதனால்தான் இன்சூரன்ஸ் எடுத்தோம். சேலத்து ஏஜெண்டு வந்து, "கவுந்தாலும் குடுப்பாங்க, திருட்டுப் போனாலும் குடுப்பாங்க, வெள்ளம் அடிச்சுட்டுப் போனாலும் குடுப்பாங்க. தெகிரியமா இருங்க" என்றார். பாலிசி முழுக்க இங்கிலீஷ், பொடி எழுத்து. வீட்டில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. அண்ணனுக்கு ஷரத்து ஷரத்தாகத் தமிழில் விளக்கினேன். கூலிக்கு ஆள் ஏற்றக்கூடாது. சொந்தக்காரர் படகை எப்போதும் நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரிதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

ஒரு கோடையில் அண்ணன் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். கரையில் கிடந்த படகு காய்ந்து, பலகைகள் சுருங்கி இடைவெளி விட்டுவிட்டன. தண்ணீரில் தள்ளினால் ஒழுகியது. அங்கே வலை வீசும் ஒருவரிடம் கேட்டேன்.

"அதுக்கென்னுங்க, கல்லை ஏத்தித் தண்ணிக்குள்ள அமுக்கி வெய்யுங்க. நாலு நாள்ல பலகை ஊறி ஒட்டிக்கும்" என்றார்.

அந்தக் கரையில் எல்லா மரப்படகுக்கும் அதுதான் வைத்தியம். இடுப்பளவு நீரில் அமிழ்த்தி, கரையிலிருந்த வேலமரத்தில் கயிறு கட்டிவிட்டு வந்தோம். மூன்றாம் நாள், மைசூர்ப் பக்கம் பருவமழை பிடித்து, வெள்ளம் வந்து சேர்ந்தது. போய்ப் பார்த்தால் மரத்தில் ஒரு முழக் கயிறு தொங்குகிறது. ஆட்கள் முங்கி முங்கித் தேடிவிட்டுக் கையை விரித்தார்கள்.

கம்பெனி அனுப்பிய பாரத்தில், படகு மூழ்கியது எப்படி என்று ஒரு கேள்வி. நான் ஒரு பக்கம் எழுதினேன். பாலிசியின் ஷரத்துப்படி படகை நல்ல நிலையில் வைப்பதற்காக நாங்களே கல் ஏற்றி மூழ்கவைத்தோம், அதன்பின் வெள்ளம் வந்தது என்று. எங்கள் அக்கறையைப் பார்த்து மெச்சுவார்கள் என்று நினைத்தேன். அட மடையா!

மூன்று வரியில் பதில் வந்தது. சொந்தக்காரரே வேண்டுமென்று மூழ்கடித்த படகு விபத்தில் சேராது. நஷ்டஈடு கிடையாது.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சேலம் போய் ஏஜெண்டிடம் கத்தினேன். அவர் நான் எழுதிய நகலை வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க சாமி, வெள்ளத்துல போச்சுன்னு ஒத்த வரி போட்டிருந்தாப் போதுமுங்களே! அதும் நெசந்தானுங்க. இத்தன நீட்டி எழுதச் சொல்லி உங்களுக்கு ஆரு சொன்னது?"

ஊருக்குத் திரும்பிக் கம்பெனிக்கே இன்னும் நாலு கடிதம் எழுதினேன், எல்லாம் நல்ல இங்கிலீஷில். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அண்ணன் அந்த மூன்று வரியைப் படித்துக் காட்டச் சொன்னார். தமிழில் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். மூழ்குவதற்கும் மூழ்கடிப்பதற்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம் என்று, வெட்கங்கெட்டவன், அவருக்கு விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாஞ் செரி தம்பி" என்றார். "நான் எப்பத் தண்ணிக்குப் போறது?"