சித்தப்பா தலை ஆடாமல் இருக்க ஒரு கியர் லிவர்

என் சித்தி கிரேன் ஓட்டுகிறாள். துறைமுகத்தில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர்களை எடுத்து லாரிகள் மேல் வைப்பது அவள் வேலை. ஒவ்வொரு கன்டெய்னரும் ஒரு சின்ன வீடு. அதைத் தூங்குகிற பூனையைத் தலையணையில் கிடத்துவதுபோல இறக்குவாள். கீழே நிற்பவர்களின் குரல் மேலே கேட்காது என்பதால் அங்கே எல்லாம் கைச்சைகைதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாடி ஜன்னலிலிருந்து விரலைச் சுழற்றினால் "மேலே வா". முஷ்டியை மடக்கினால் "அப்படியே நில்". உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல அசைத்தால் "மெதுவா, மெதுவா". கல்லூரிக்காக அவர்கள் வீட்டில் தங்க வந்த புதிதில், சித்தி எனக்கு டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்து நானும் பல்லைக் காட்டிக்கொண்டு டாட்டா காட்டியிருக்கிறேன்.

அவளிடம் ஒரு கார் இருக்கிறது. ஐயோ, அந்தக் கார்! கடுகு மஞ்சள், இரண்டே சீட், தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். கையால் கியர் மாற்றுகிற வகை. நாளெல்லாம் வானத்தில் உட்காருகிறவள், வீட்டுக்குப் போகும்போதாவது தரையை உரசிக்கொண்டு போகலாமே என்று வாங்கினாளாம். பக்கத்து சீட்டில் அவளுடைய சாப்பாட்டுப் பை உட்காரும், பெல்ட் போட்டுக்கொண்டு. அங்கே உட்கார வேண்டிய சித்தப்பா பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

சித்தப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடை துறைமுகத்துக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. சித்தியின் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் ஒருவர் எழும்போது மற்றவர் படுப்பார். பகல் ஷிஃப்ட் வரும் வாரங்களில், காலையில் வேலைக்குப் போகிற அந்த வழி மட்டும்தான் இரண்டு பேருக்கும் சேர்ந்து கிடைக்கிற நேரம். அதையும் பஸ் பிடுங்கிக்கொண்டது.

"என்னங்க, ஒரே ரோடு, ஒரே நேரம். நீங்க பஸ்ல, நான் கார்ல. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"நான் உயிர் பிழைச்சுட்டேன்னு நினைப்பாங்க."

சித்தப்பா மிகைப்படுத்தவில்லை. பஸ்ஸுக்கு மாறுவதற்கு முன்னால் அவர் காரில் போன நாட்களில், நான் ஸ்கூட்டரில் பின்னால் போகும்போது காரின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். சித்தி ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் அவர் தலை "ஆமாம், ஆமாம், நீ சொன்னா சரிதான்" என்று ஆடும். மூக்குக்கண்ணாடி நுனிக்கு வரும். கடை வாசலில் இறங்கும்போது முகம் பாகற்காய் நிறத்தில் இருக்கும்.

ஒரு நாள் சித்தி அறிவித்தாள். "தப்பு என் மேல இல்ல, கியர் லிவர் மேல. மூணுலேருந்து நாலுக்குப் போக ஒரு முழம் இழுக்க வேண்டியிருக்கு. வேலையில நான் ஒரு நெல்லளவு அசைச்சா போதும், பெட்டி நகரும். மாத்திடலாம்."

நான் குதித்தேன். ஷார்ட் த்ரோ ஷிஃப்டர், அதாவது குட்டை இழுப்புக் கியர் லிவர்! இதற்காகத்தானே நான் பிறந்தேன்! லிவருக்கு நடுவில் ஓர் அச்சு இருக்கிறது. அந்த அச்சை மேலே தூக்கினால், கை கொஞ்சம் நகர்ந்தாலே அடிமுனை நிறைய நகரும். கியர் மாற்றுகிற தூரம் சுருங்கிவிடும். பதிலுக்குக் கை கொஞ்சம் பலமாகத் தள்ள வேண்டும். இதை இரவுச் சாப்பாட்டில் கரண்டியை வைத்து விளக்கினேன். குழம்பு சித்தப்பா சட்டையில் விழுந்தது.

"கார் ஓடாமலேயே எனக்கு ஆபத்து வருது பாரு," என்றார் அவர். பிறகு துடைத்துக்கொண்டே, "சரி. இந்த ஒரு தடவை. மாத்தின பிறகும் ஆடினா, அந்த சீட் உன் சாப்பாட்டுப் பைக்கே சொந்தம். அப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது" என்றார்.

சித்தி சிரிக்கவில்லை. முஷ்டியை மடக்கிக் காட்டினாள்.

நாங்கள் போன கேரேஜின் மெக்கானிக்குக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். வாழ்க்கையில் ஒரு முறைகூட அவசரப்படாததால் வந்த பெயர். அவர் மூன்று ஷிஃப்டர்களை மேஜையில் வைத்தார். முதலாவது தூரத்தைக் கொஞ்சமாய்க் குறைக்கும். இரண்டாவது அதைவிடக் கூடுதலாகக் குறைக்கும். மூன்றாவது குட்டையோ குட்டை, பந்தயக்காரர்கள் போடுவது.

"ஓட்டிப் பார்த்துட்டு சொல்லுங்கக்கா, நிதானமா..."

"மூணாவது," என்றாள் சித்தி. "மூணாவது!" என்று நானும் கத்தினேன். அவசரம் மட்டும் பெருமூச்சு விட்டார்.

மறுநாள் காலை சித்தப்பா பெல்ட் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுப் பை அவர் மடியில். நான் ஸ்கூட்டரில் பின்னால். தெருமுனையில் முதல் கியரிலிருந்து இரண்டாவது, டக்! சித்தப்பா தலை முன்னால் போய்ப் பின்னால் வந்து சீட்டில் மோதியது. மூன்றாவது, டக்! மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. கை நொடியில் கியரைப் போட்டுவிடுகிறது, இன்ஜின் வேகம் இறங்குவதற்குள் கால் கிளட்சை விட்டுவிடுகிறது, கார் உதைக்கிறது. அடுத்த பஸ் ஸ்டாப்பில் கார் நின்றது. சித்தப்பா இறங்கினார், காலடியில் தேடிக் கண்ணாடியை மாட்டினார், சாப்பாட்டுப் பையை சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டார். வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

சித்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். வானளவு தைரியம் உள்ள சித்தியை அப்படி நான் பார்த்ததே இல்லை.

விடுமுறை நாளில் அவள் ஷிஃப்டரைக் கழற்றித் திருப்பிக் கொடுக்க கேரேஜுக்குப் போனாள். நானும் போனேன். அங்கே ஸ்டூலில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார்! பஸ்ஸில் முன்னாடியே வந்துவிட்டிருந்தார்.

"நீங்க எங்க இங்க?"

"எந்த ஊர்லயாவது ஒரே லென்ஸைக் காட்டி 'இந்தாங்க, எடுத்துட்டுப் போங்க'ன்னு கண்ணாடி விப்பாங்களா? மாத்தி மாத்திப் போட்டுக் கேக்கணும். உட்காரு. கண்ணை மூடு."

அவசரத்திடம் அதே மாடல் காரின் கழற்றிய கியர்பாக்ஸ் ஒன்று இருந்தது. அதன் மேல் ஒவ்வொரு ஷிஃப்டராக மாட்டினார். சித்தி கண்ணை மூடிக்கொண்டு கியர் போட்டாள். சித்தப்பா கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"இது நல்லா இருக்கா... இல்ல, இது நல்லா இருக்கா?"

"முன்னாடி போட்டது."

"சரி. அதுவா... இதுவா?"

"இருங்க. மறுபடி போடுங்க."

சித்தி கை லிவரில் நின்றது. இரண்டாவது ஷிஃப்டர். ஒரு கியரிலிருந்து வெளியே வந்து அடுத்ததற்குள் நுழைவதற்கு முன்னால், நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே கையை நிறுத்தினாள். பிறகு உள்ளே தள்ளினாள். மறுபடி செய்தாள்.

"அட கடவுளே!" என்று கண்ணைத் திறந்தாள். "கயிறுல தொங்குற பெட்டி ஆடினா நான் என்ன பண்ணுவேன்? இழுக்க மாட்டேன். அது ஆடி வர்ற வரைக்கும் காத்திருந்து, அதோட சேர்ந்து போவேன். கார்ல மட்டும் ஏன் காத்திருக்கல? மூணாவதுல காத்திருக்க இடமே இல்ல. கை வச்சா கியர் விழுந்துடுது."

"அப்போ இத்தனை நாளா," என்றார் சித்தப்பா, "கன்டெய்னருக்கு இருந்த மரியாதை என் தலைக்கு இல்ல."

"கன்டெய்னர் எதிர்த்துப் பேசாதுங்க."

அவசரம் சிரித்தே விட்டார், அதையும் தாமதமாக. இரண்டாவது ஷிஃப்டரோடு, லிவர் உச்சியில் கைக்கு அடக்கமாகக் கொஞ்சம் கனமான குமிழ் ஒன்றையும் மாட்டினார். அந்தக் கனம் கையோடு சேர்ந்து தள்ளும் என்றார். பந்தய ஷிஃப்டரை நான் கடைசியாக ஒருமுறை தடவிக்கொண்டேன். அவ்வளவு அழகு, பாவம்.

திங்கட்கிழமை காலை. முன்னால் மஞ்சள் கார், பின்னால் நான். என் கண் ரோட்டில் இல்லை, சித்தப்பா தலையில் இருந்தது. இரண்டாவது கியர். தலை ஆடவில்லை. மூன்றாவது. ஆடவில்லை. சித்தியின் தோள் ஒவ்வொரு முறையும் துளி நின்று, பிறகு நகர்ந்தது, பெட்டி கயிற்றுக்குக் கீழே வந்து சேர்வதற்குக் காத்திருப்பதுபோல. நான்காவது. தலை அசைந்தது! போச்சு என்று நினைத்தேன். அது மெதுவாகச் சரிந்து ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அப்படியே இருந்தது.

தூங்கிவிட்டார். அந்தக் காரில், என் சித்தப்பா!

கடை வந்தது. கார் நிற்கவில்லை. வாசலில் ஒரு வாடிக்கையாளர், ஒரு பக்கம் லென்ஸ் இல்லாத மூக்குக்கண்ணாடியோடு காத்திருந்தார். நான் "சித்தி, கடை!" என்று கத்திக்கொண்டே ஹாரனை அடித்தேன். ஜன்னல் வழியே ஒரு கை வெளியே வந்தது. முஷ்டி. அப்புறம் விரல்கள் விரிந்து, உள்ளங்கை கவிழ்ந்து, மெல்ல, மெல்ல அசைந்தது. ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வாடிக்கையாளரிடம் கையைக் காட்டி "வந்துடுவார்" என்றேன். மஞ்சள் கார் தெருவை இன்னொரு சுற்று சுற்றப் போய்விட்டது.