சூப்பர்வைசரின் சாட்சி

ஒரகடம் கம்பெனியில் பிரஸ் மெஷின் என் வலது கையில் மூன்று விரல்களை நசுக்கித் தள்ளியது. பைக்கிலிருந்து விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்ன லைன் சூப்பர்வைசர் எங்கள் சபை விசுவாசிதான். அடுத்த ஞாயிறு, சுங்குவார்சத்திரம் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் எழுந்தார்.

"எங்க லைன்ல கர்த்தரே கூட நிக்கிறாரு. இந்த வருஷம் ஒரு ஆக்சிடென்ட்கூட இல்ல, ஸ்தோத்திரம்!"

சபை அல்லேலூயா என்று கை தட்டியது. எல்லாம் தெரிந்த என் மனைவியும் தட்டினாள். கட்டுப்போட்ட கையோடு சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, பாஸ்டர் மைக்கிலேயே கேட்டார்.

"இன்னா பிரதர், கர்த்தருக்குக் கை தட்ட மாட்டீங்களா?"

இடது கையால் தொடையில் ஓங்கித் தட்டினேன். கர்த்தருக்குக் கேட்டிருக்கும். மெஷின் இறங்கியபோதும் அவர் பக்கத்தில்தான் நின்றாராமே.