தாய்மாமனுக்குத் திறந்த படலை

அடிக்க வந்தவனின் முகத்தில் முன்கூட்டியே என்ன தெரியும்? அன்று வாசல் படலைக்கு வெளியே நின்ற முகத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். வியர்வை இருந்தது. நெற்றியில் சந்தனம் இருந்தது. வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத் துறை, மாணவர்களை வாரத்தில் சில பின்னேரங்கள் ஊர் அமைப்புகளில் வேலைக்கு விடும். படிப்பிலும் சேரும், பஸ் செலவுக்கும் காணும். எனக்குக் கிடைத்தது கொடிகாமத்தில் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்கள் அமைப்பு. வீட்டில் அடி தாங்க முடியாமல் வருகிறவர்கள் பிள்ளைகளோடு கொஞ்ச நாள் தங்கும் இடம். நான் புத்தூரில் என் மகளை மாமியிடம் விட்டுவிட்டுப் போவேன். அவள் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். பொறுப்பாளர் அக்கா பெண்களோடு கதைக்கும்போது பிள்ளைகளைப் பார்ப்பதும், தேத்தண்ணீர் போடுவதும், படலையில் யார் என்று பார்ப்பதும்தான் என் வேலை.

பிள்ளைகள் அங்கே சோறு கறி ஆக்கி விளையாடுவார்கள். அப்பாவாக வருகிறவன் சட்டியைக் காலால் உதைப்பான். அம்மாவாக இருக்கும் பிள்ளை உடனே தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிடும். ஒருநாள் என்னை அம்மாவாக இருக்கச் சொன்னார்கள். உதைத்த பிறகும் நான் சும்மா இருந்தேன்.

"உங்களுக்கு விளையாடவே தெரியாது ரீச்சர். பொத்துங்கோ, முகத்திலை விழும்," என்றாள் அவர்களில் மூத்தவள்.

அவள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்படும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய்க்கு இடது காது கேட்காது. புருசன் தேங்காய் துருவும் திருவலையால் அடித்த அடி.

"புருசன் வந்தாலும் திறக்காதை, மாமன் மாமி வந்தாலும் திறக்காதை," என்று அக்கா எனக்குச் சொல்லியிருந்தார். தங்கியிருக்கும் பெண்ணின் சொந்தத் தமையன் வந்தால் என்ன செய்வதென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அண்ணை என்றால் பெண்ணுக்குப் பாதுகாப்பு. அவளுடைய பிள்ளை சாமத்தியப்பட்டால் தண்ணீர் வார்க்கும் சடங்கில் முன்னுக்கு நிற்பவர் அவர்தான்.

அன்று அக்கா பிரதேச செயலகத்துக்குப் போயிருந்தார். வந்தவர் ஒரு கையில் ஹெல்மெற்றும் மறு கையில் கதலிப்பழச் சீப்பும் வைத்திருந்தார். எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்று கேட்டேன். பணிவாகச் சொன்னார். எனக்குப் பின்னால் ஓடிவந்த அந்த மூத்த பிள்ளை, "மாமா!" என்று கத்தினாள். தாயும் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ரை அண்ணைதான் தங்கச்சி, திறவுங்கோ," என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. திறந்தேன்.

அவர் பழத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தார். பிறகு ஹெல்மெற்றை ஓங்கித் தங்கையின் வாயில் அடித்தார்.

காய்ந்த தடியை முறித்தது போல ஒரு சத்தம். அவள் விழுமுன்பே கொண்டையைப் பிடித்து, தலைமயிரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு முற்றத்தில் இழுத்தார். "எடியே, உன்னாலை என்ரை மனுசி தாய் வீட்டை போயிட்டாள். உனக்கு இஞ்சை சொகுசோ? எழும்படி!" முதுகில் உதைத்தார். திரும்பவும் முகத்தில் அடித்தார். இரத்தத்தோடு ஒரு பல் மணலில் கிடந்தது.

நான் நடுவில் போனேன். துணிவா, பயத்தில் கால் போனதா என்று தெரியாது. அடுத்த அடி என் கையில் விழுந்தது. எலும்பு வெடித்தது. "நீர்தானே கம்பசிலை படிச்சுப்போட்டுக் குடும்பம் பிரிக்கிறனீர்?" என்று என்னையும் சுவரோடு தள்ளினார். பிள்ளை பழச்சீப்பை நெஞ்சோடு அணைத்தபடி அசையாமல் நின்றாள்.

சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இருவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆர் பிள்ளை உது, புருசனோ?" என்று ஒருவர் கேட்டார்.

"தமையன்! ஓடிவாங்கோ!" என்று கத்தினேன்.

"அப்ப வீட்டுப் பிரச்சினை," என்றார் மற்றவர்.

அக்கா திரும்பி வந்து போட்ட கூச்சலில்தான் ஆட்கள் உள்ளே வந்து அவரைப் பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில்தான் முழுக்கதையும் தெரிந்தது. அது மாற்றுக் கலியாணம். அண்ணன் கட்டியது தங்கையின் புருசனுடைய சகோதரியை. தங்கை வீட்டைவிட்டு வந்ததும், "உங்கடை பெட்டை எங்களோடை இல்லையெண்டால் எங்கடை பெட்டை மட்டும் ஏன்?" என்று புருசன் வீட்டார் தங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். படலையில் எல்லாம் கேட்ட நான், எங்கே கலியாணம் கட்டினீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்குமா?

பொலிசுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிணையில் வெளியே வந்துவிட்டார். முதல் அடியிலிருந்து பார்த்தவர்களில் பெரிய ஆள் நான் மட்டும்தான். பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற ஒருவரும் விரும்பவில்லை.

போன கிழமை அந்தத் தாய் புத்தூருக்கு என்னைத் தேடி வந்தாள். தாடைக்குக் கம்பி கட்டியிருந்ததால் பல்லைத் திறக்காமலே கதைத்தாள். தனக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாளாம். புருசனும் அங்கேதான்.

"நான் விழுந்தனான் எண்டு சொல்லப்போறன். நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ தங்கச்சி."

"அண்ணை திரும்பவும் அடிப்பார் அக்கா."

"ஓம், அடிப்பார். ஆனா அண்ணை உள்ளை போனால் இந்த மனுசன் என்னைக் கொல்லும். தன்ரை தங்கச்சியின்ரை வாழ்க்கையைக் கெடுத்தனெண்டு. பிள்ளைக்கும் இண்டைக்கோ நாளைக்கோ தண்ணி வார்க்க வேணும். மாமன் இல்லாமல் ஆர் வருவினம்?"

என் கணவர் சொல்கிறார், "சாட்சிக்குப் போறதெண்டால் போம். பிறகு அவன் எங்கடை படலைக்கு வந்தால்?" பொறுப்பாளர் அக்காவோ, "உண்மையைச் சொல்லு பிள்ளை. தாய்க்காக இல்லாட்டியும் அந்தப் பெட்டைக்காக," என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. அதனால்தான் நித்திரை இல்லை.

வழக்குத் தவணை நெருங்குகிறது. நான் உண்மையைச் சொல்லி அவளைப் புருசன் கொன்றால்? பொய் சொல்லித் தமையன் கொன்றால்? வாசிப்பவர்களில் இப்படிக் கூண்டில் நின்றவர்கள் இருந்தால் எழுதுங்கள். அடி வாங்கியவர்கள் எழுதினால் இன்னும் நல்லது. உங்களுக்காகச் சாட்சி சொல்ல வந்தவரிடம், சொல்ல வேண்டாமென்று நீங்கள் கெஞ்சியிருந்தால், அவர் உங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டுமா, மீறியிருக்க வேண்டுமா? தயவுசெய்து சொல்லுங்கள்.