வெந்துபோன விதை

என் அம்மா ஆண்டவரை நேசித்தாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நேசத்துக்கு எங்கள் விதையைத் தூக்கிக் கொடுத்தாள் என்பதுதான் என் ஆத்திரம்.

எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாண வயது. அப்பா செத்துப்போயிருந்தார். மலையில் எங்களுக்கென்று இருந்தது ஒரு மானாவாரிக் கொல்லை, ஓர் ஏர், அவ்வளவுதான். அந்தக் கோடையில் போதகர் அடிவாரத்து ஒடுகத்தூரிலிருந்து ஏறி வந்து, இயேசுவின்மேல் பரிமள தைலத்தைக் கொட்டிய பெண்ணைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்.

"அவ மிச்சம் வெச்சாளா? இருக்கறதுலயே நல்லதக் குடுங்க" என்றார்.

மலையில் இருப்பதிலேயே நல்ல தானியம் விதைச் சாமைதான். கதிர் கதிராகப் பொறுக்கி, உதிர்த்து, கூடையில் கொட்டி, வாயைச் சாணியால் மெழுகிப் பரண்மேல் வைப்போம். பட்டினி கிடந்தாலும் அதில் கை வைக்க மாட்டோம். கீழிருந்து வந்த போதகருக்கு இது தெரியாது. அவருக்கு விதைச் சாமையும் சோற்றுச் சாமையும் ஒன்றுதான். அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக்கே சாமைச் சோறு போட்டார்கள். நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆடியில் மழை பெய்தது. கொல்லையை உழுதுவிட்டு வந்து பரணில் ஏறினேன். கூடையைக் காணோம்.

"வெத எங்கம்மா?"

"ஆண்டவருக்குக் குட்த்துட்டேன்."

"எப்போ?"

"சபையில சோறு போட்டாங்களே, அது இன்னா? நீகூடத்தான் துன்னே. நல்லா கீதுன்னு சொன்னியே."

கத்தினேன். அவள் முகத்தில் துளி பயம் இல்லை. "அவருக்கு ஒரு திட்டம் கீதுடா. நீ ஏரப் பூட்டு" என்றாள். எதை விதைக்க? ஈரம் நாலு நாள்தான் நிற்கும். அதற்குள் விதைக்காவிட்டால், கீழே இறங்கி எவன் நிலத்திலாவது கடலை பிடுங்கத்தான் போக வேண்டும்.

விதையோடு அம்மன் கோயிலில் நின்றிருந்த மாமாவிடம் போனேன். அம்மாவின் தம்பி. அவர் எங்களைப்போல் கிறிஸ்தவ வேதத்தில் சேராதவர். அவர்கள் வழக்கப்படி அம்மன் முன்னால் வைக்காத விதை எந்தக் கொல்லைக்கும் போகாது. வாங்குகிறவன் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"வாய்யா வேதக்காரரே" என்றார் மாமா. "ஒங்க சாமி வெதயத் துன்னுட்டாராமே! நெத்தியக் காட்டு."

சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். நெற்றியைக் காட்டினேன். அம்மனைக் கும்பிட்டேன். விதையைத் துண்டில் கட்டிக் கொடுத்தார்.

மூட்டையைப் பார்த்ததும் அம்மா முழங்காலில் விழுந்தாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே! நான் சொல்லல?" என்று அழுதாள். என் நெற்றியை அவள் பார்க்கவே இல்லை.

பயிர் ஒரு சாண் வளர்ந்தபின் சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். விதையில்லாத வீட்டுக்கு ஆண்டவர் விதை அனுப்பினார் என்றாள். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். நான் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். குங்குமம் வைத்த குற்றத்துக்குப் போதகர் எனக்கு மூன்று மாதம் திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் நிறுத்தியிருந்தார். கொடுத்தவளுக்குச் சாட்சி, கொண்டுவந்தவனுக்குத் தண்டனை.

எழுந்து நின்று, "மாமா குட்த்தாரு" என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "மாமனுக்கு அந்த மனசக் குட்த்தது யாருடா?"

மறுபடியும் அல்லேலூயா. இந்த முறை இன்னும் சத்தமாக.

வெளியே வந்து வீட்டைப் பார்த்து நடந்தேன். வழியில் மாமாவின் மேல்கொல்லை. உழுத சால்கள் அப்படியே கிடந்தன. புல் மண்டியிருந்தது. எங்களுக்கு அள்ளிக் கொடுத்ததில் அவருக்கு விதை போதவில்லை. அந்த வருஷம் அந்தக் கொல்லையைத் தரிசாகவே விட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அந்த வழியாகத்தான் சபைக்குப் போனாள்.