பொரிப் பொட்டலத்துடன் வந்த உதவி

முருகன் அடியார்களான உங்கள் முன் இதை எழுத எனக்குப் பத்தாண்டுகள் பிடித்தன. வீட்டு விவகாரத்தைப் பொதுவில் வைப்பது என் இயல்பன்று. பெற்ற உதவியை மறைப்பது அதைவிடத் தவறு என்பதால் எழுதுகிறேன்.

1988ஆம் ஆண்டு விஜயதசமி, காலை பத்து மணி. பெருங்களத்தூரில் எங்கள் வீட்டில் நிறைமாதமாக இருந்த என் மகள் கல்யாணிக்கு உதிரப்போக்கு தொடங்கியது. அப்படி நேர்ந்தால் உடனே, படுக்க வைத்தபடியே அழைத்து வர வேண்டும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். ஆட்டோ உதவாது. குரோம்பேட்டையிலிருந்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர்களுடைய வண்டி வேறோர் அழைப்புக்குப் போயிருந்தது. நான் கலங்கவில்லை. போர்ட்டிகோவில் என் கார் நின்றது.

சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மீண்டும் திருப்பினேன். மீண்டும் ‘டக்’.

கல்லூரியில் இருபத்தேழு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். என் வண்டியை மெக்கானிக் எவரும் தொட்டதில்லை என்று தெருவில் சொல்லிக்கொண்டவன். பானெட்டைத் திறந்து பார்த்தேன். டாஷ்போர்டு விளக்கு எரிந்ததால் பேட்டரியில் குறையில்லை, ஸ்டார்ட்டர் மோட்டார்தான் பழுது என்று தீர்மானித்தேன். பண்டிகை நாளில் எந்தப் பட்டறையும் திறந்திராது. தள்ளலாமென்றால், சாலையை ஆண்டுதோறும் உயர்த்திப் போட்டதில் எங்கள் போர்ட்டிகோ பள்ளமாகியிருந்தது. மேட்டில் பின்னோக்கித் தள்ள நாலைந்து ஆட்களாவது வேண்டும்.

ஆட்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டிலேயே இருந்தார்கள். அந்த ஸ்டாண்டை அகற்றக் கோரி மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவனும் நானே.

“ஸ்டாண்டுல போய்க் கேளுங்களேன்,” என்றாள் என் மனைவி.

“அவங்க வர மாட்டாங்க.”

“கேக்காமலே சொல்றீங்க.”

உள்ளேயிருந்து கல்யாணி, “அப்பா, வண்டி ரெடியா?” என்றாள். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

பூஜையறையில் நின்றேன். ‘முருகா, நாலு பேர் பார்ப்பதற்குள் இந்த வண்டி கிளம்பிவிட வேண்டும்.’ வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் முதல் வேண்டுதல் அதுதான். திரும்பி வந்து சாவியைத் திருப்பினேன். ‘டக்’.

திறந்திருந்த வாசல் வழியே பார்த்தேன்; மகளுக்கு அடியில் உதிரத்தில் நனைந்த இரண்டாவது விரிப்பை மனைவி மாற்றிக்கொண்டிருந்தாள். ஸ்டீயரிங்கின் மீது தலையைக் கவிழ்த்தேன். ‘யாரையாவது அனுப்பு. யாராக இருந்தாலும் சரி.’

கேட் திறக்கும் ஓசை கேட்டது. ஸ்டாண்டின் தலைவர் செல்வம், கூடை நிறையப் பொரிப் பொட்டலங்களுடன் நின்றார். மனு விவகாரத்துக்குப் பிறகு அவர்கள் எங்கள் வாசலை மிதித்ததில்லை.

“சார், ஸ்டாண்டு பூஜை பொரி. எல்லா வூட்டுக்கும் குடுக்கறோம். வேணாம்னா சொல்லிடுங்க, போய்கினே இருக்கேன்,” என்றவர் பானெட்டைப் பார்த்தார். “இன்னா சார், வண்டி மக்கர் பண்ணுதா?”

என் மனைவிதான் நிலைமையைச் சொன்னாள். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

“ஆரன் அடிங்க சார்.” அடித்தேன். உரக்க ஒலித்தது.

“ஹெட்லைட்ட போட்டுகினு சாவியத் திருப்புங்க.” திருப்பினேன். விளக்கு அணைந்தே போனது.

“பேட்டரில கரண்டு கீது. போற வழியில எங்கியோ மாட்டிக்குது.” பேட்டரி முனையைப் பற்றியிருந்த கிளாம்பைத் தொட்டவர் விரலை வெடுக்கென்று இழுத்தார். “சுடுது பாருங்க. இங்கதான்.”

தம் ஆட்டோவிலிருந்து ஸ்பேனரைக் கொண்டுவந்து கிளாம்பைக் கழற்றினார். உட்புறம் ஏதோ மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தைய நாள் ஆயுத பூஜையில் கிளாம்புகளைக் கழற்றி, பேட்டரியின் முனைகளைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் குழைத்துத் தடவி, அதன் மீதே மாட்டியவன் நான்.

“பேட்டரிக்கு சந்தனக் காப்பே பண்ணிட்டீங்களே சார்,” என்று சிரித்தார்.

இணைப்புக்கு நடுவே மின்சாரம் கடத்தாத பொருள் வந்தால் மின்தடை கூடும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய கை என்னுடையது.

அவர் உப்புத்தாளால் முனைகளைப் பளபளவென்று தேய்த்து, கிளாம்பை இறுக்கினார். “இப்ப அடிங்க.”

என்ஜின் உறுமியது. மனைவியின் மடியில் தலை வைத்து மகள் பின்சீட்டில் படுத்திருந்தாள். ஜி.எஸ்.டி. சாலையில் பண்டிகைக் கூட்டம். ஹாரனை விடாமல் அடித்தபடி செல்வத்தின் ஆட்டோ முன்னே கூட்டத்தை விலக்கிக்கொண்டு சென்றது. நண்பகலுக்குள் அறுவை சிகிச்சை முடிந்தது. தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள்.

மாலையில் ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன். மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

“அது கெடக்கட்டும் சார். பாப்பா எப்டி கீது?”

மறுநாளே மனுவைத் திரும்பப் பெற்றேன். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் என் காரின் பானெட்டில் செல்வம்தான் பொட்டு வைக்கிறார். பேட்டரியை இருவரும் தொடுவதில்லை. ஸ்டாண்டின் முதல் பொரிப் பொட்டலம் என் பேத்தியின் கைக்கு வருகிறது.

அன்பர்களே, இடர் வரும்போது முருகனை நம்பிக் கூப்பிடுங்கள். நிச்சயம் வருவான். ஆனால் யார் உருவில் வர வேண்டும் என்று அவனுக்கு நிபந்தனை விதிக்காதீர்கள். நான் விதித்தேன். அந்தப் பத்து நிமிடமும் என் மகள் உதிரம் சிந்திக்கொண்டிருந்தாள்.