வாசகர் விவரம் வெளியே சொல்லப்படாது

மனிதர்கள் தங்கள் சொந்த விவரங்களை மறைத்து வைக்கவே விரும்புகிறார்கள் என்றொரு நம்பிக்கை உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. அறிஞர்கள் மாநாடு கூட்டி இதைப் பேசுகிறார்கள். நாடுகள் இதை நம்பிச் சட்டம் இயற்றுகின்றன. மிகுந்த வருத்தத்துடனும் முழுப் பொறுப்புடனும் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்கும் மெர்போக்குக்கும் இடையில், அப்படிப்பட்ட மனிதர்கள் யாரும் இல்லை. இருந்த ஒருவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் ஒரு சிறிய தமிழ் இணைய இதழில் வாசகர் விவரங்களுக்குப் பொறுப்பாளன். ஆசிரியருக்குப் பாராட்டு வரும், எழுதுகிறவர்களுக்குத் திட்டு வரும். எனக்கு வருவது மற்றவர்களின் ரகசியம் மட்டும். எங்கள் அலுவலகம் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. சன்னலைத் திறந்தால் சீரக வாசனை ஏறி வரும். மழை விட்ட பிற்பகல்களில் ஜெராய் மலை மேகத்துக்குள் போய்விடும். பிறகு எதையோ மறந்து வைத்ததுபோல் திரும்பி வரும். அதைப் பார்த்துக்கொண்டு வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகளைக் காவல் காப்பதுதான் என் தொழில்.

இதே வேலையில் மாட்டிக்கொண்டு விழிக்கும் நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் ஆசிரியர் மகேஸ்வரி அக்காவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் நான் அந்த மாடிப்படியில் கால் வைக்க முடியாது என்று அவரே சொல்லிவிட்டார்.

பெயர் மட்டும் போதும்

எங்கள் இதழில் பதிவு செய்தவர்கள்தான் பின்னூட்டங்களை எழுதவும் படிக்கவும் முடியும். பதிவு செய்ய நாங்கள் கேட்பது பெயரும் மின்னஞ்சலும். தேவைக்கு மேல் கேட்காதே, கேட்டதைத் தொலைக்காதே, அழிக்கச் சொன்னால் அழித்துவிடு. என் வேதம் இவ்வளவுதான். ஆனால் பெயருக்கான பெட்டியில் எவ்வளவு எழுதலாம் என்று வரம்பு வைக்க மறந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற ரப்பர் தோட்டத்துக் கிராணி ஒருவர், அதாவது எழுத்தர், அந்தப் பெட்டியில் தன் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், அடையாள அட்டையின் ஐசி நம்பர், தொலைபேசி எண், ரிஷப ராசி, ரோகிணி நட்சத்திரம், இனிப்புநீர் நோய் உண்டு, இரண்டாவது மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது வரை நிரப்பியிருந்தார். படிக்கப் படிக்க அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. யாரோ காப்பி கொண்டு வருவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன். பிறகு சுதாரித்துக்கொண்டு அவரைத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, பெயர் மட்டும் போதும், மற்றதை அழித்துவிடுகிறேன்" என்றேன்.

"வெறும் பேரா? எங்க தோட்டத்துலயே என் பேர்ல எத்தனையோ பேர் இருக்காங்க லா தம்பி. தோட்டத்த எடுத்துட்டா நான் யாருன்னு எனக்கே சந்தேகம் வந்துரும்."

யாரும் படிக்காத பக்கம்

எங்கள் தளத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு சுட்டி இருக்கிறது. அழுத்தினால் வாசகர் விவரக் கொள்கை விரியும். அது என் படைப்பு. 'பகிரப்படலாம்', 'பகிரப்படக்கூடும்' இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மூன்றாம் தரப்பினர் யார் என்பதற்கு நான் எழுதிய விளக்கத்தைப் பாட நூலில் சேர்க்கலாம். "இதெல்லாம் யாரு தம்பி படிப்பா?" என்று மகேஸ்வரி அக்கா கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

ஒருவர் படித்தார். 'ஈரக்காற்று' என்ற பெயரில் பதிவு செய்திருந்த பெண். அவருடைய பின்னூட்டங்களில் எப்போதும் மழை வந்துகொண்டிருக்கும். அரசியல் கட்டுரையின் கீழும் ஆற்றின் நிறம் எப்படி மாறியிருக்கிறது என்றுதான் எழுதுவார். கொள்கைப் பக்கத்தைக் குறிப்பிட்டு, யாராவது வந்து தன்னைப் பற்றிக் கேட்டால் சொல்வீர்களா என்று மின்னஞ்சல் அனுப்பினார். அதில் தான் இப்போது இருக்கும் ஊரையும் எழுதியிருந்தார். அது கெடாவில் இல்லை. அதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

எனக்கு வந்த மகிழ்ச்சியில், உட்பிரிவுகளை மேற்கோள் காட்டி நீண்ட பதில் ஒன்றை எழுதினேன். "சொல்வீங்களா, மாட்டீங்களா?" என்று திரும்பக் கேட்டார். "மாட்டேன்" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது.

"இத மட்டும் அந்தப் பக்கத்துல போட்டிருக்கலாமே சார்."

காதோடு பேசும் சந்தை

கோத்தா கோலா மூடாவில் மீன் விற்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மலாய் மொழியில் பாசார் பீசிக், கிசுகிசுக்கும் சந்தை, என்பார்கள். ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் படகுகள் வந்து நின்றதும் மீனைக் குவித்து வைப்பார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக விற்கிறவரிடம் போய், கையால் வாயை மறைத்துக்கொண்டு அவர் காதில் விலையைச் சொல்வார்கள். விற்கிறவர் எல்லாக் காதுச்செய்திகளையும் கேட்டுவிட்டு ஒருவரைப் பார்த்துத் தலையசைப்பார். மற்றவர்கள் என்ன விலை சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கூச்சல் இல்லை. உப்புக்காற்றும் பறவைகளும் மட்டும். அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு சந்தையே தூக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டிருப்பது போலத் தோன்றியது. என் தொழிலுக்கு ஒரு கோயில் கட்டினால் இங்கேதான் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதழுக்காகச் சில படங்கள் எடுத்தேன். ஒன்றில், நீலச் சட்டை போட்ட ஒருவர் மீனவர் காதில் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். நன்றாக அமைந்துவிட்ட படம். மெர்போக்கில் மீன் வியாபாரம் செய்பவர். கோவிந்தன் என்று வைத்துக்கொள்வோம். முகமும் சொந்த விவரம்தானே? வெளியிடலாமா என்று அவரிடமே போய்க் கேட்டேன். என்னையும் என் கேமராவையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"மூஞ்சிய நல்லா பெருசா போடுங்க தம்பி. அந்த மீன மட்டும் கொஞ்சம் மங்கலாக்கிடுங்க, போட்டிக்காரன் பார்ப்பான்."

இடது கை

படம் வெளிவந்தது, மீன் மங்கலாக. தன் முகத்தைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்காகக் கோவிந்தன் அண்ணனும் பதிவு செய்துகொண்டார். சில நாட்கள் கழித்து, மழை விட்ட ஒரு பிற்பகலில் மோட்டார் சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு மாடியேறி வந்தார். செருப்பைக் கடைசிப் படியிலேயே கழற்றிவிட்டிருந்தார். கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். படத்தின் கீழே ஈரக்காற்று எழுதிய பின்னூட்டம்:

'நீலச் சட்டைக்காரர் இடது கையால் வாயை மறைக்கிறார். வலது கை மீன் தொட்ட கை. அதை யார் முகத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோக மாட்டார்.'

"இது யாரு தம்பி?"

"சொல்லக் கூடாது அண்ணே."

"எம் மக. இந்தக் கை விஷயம் எங்க வீட்டுல மட்டும்தான் தெரியும்."

பிறகு நின்றபடியே சொன்னார். கல்யாண விஷயத்தில் சண்டை. தொழிற்சாலையில் உடன் வேலை செய்த பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். "அவ கூப்பிட்டப்ப நான் எடுக்கல. நான் கூப்பிட்டப்ப அந்த நம்பரே இல்ல. அவ எழுதுன எல்லாத்தையும் நாலு நாளைக்கு முன்னாடி தேடிப் படிச்சேன். தினம் காலையில அதப் படிச்சிட்டுத்தான் கிளம்புறேன். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

எனக்கு ஊர் தெரியும். நாக்கின் நுனியில் அது உட்கார்ந்திருந்தது. மகேஸ்வரி அக்கா மேசைக்குப் பின்னாலிருந்து, சொல்லித் தொலை என்று கண்ணாலேயே திட்டிக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே மலை இல்லை, மேகம் மட்டும். மாட்டேன் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "நீங்கள் சொல்வதை அப்படியே அவருக்கு அனுப்புகிறேன் அண்ணே. பதில் போடுவதும் போடாததும் அவர் விருப்பம்" என்றேன். அவர் அருகில் வந்து, இடது கையால் வாயை மறைத்துக்கொண்டு, என் காதில் சொன்னார். இரண்டு மூன்று சொற்கள்தான். அந்தச் சொற்களை அன்றே அனுப்பிவிட்டேன். இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

அவர் இறங்கிப் போனதும் அக்கா எழுந்து வந்தார். "என்ன சொன்னாரு?" மூன்றாம் தரப்பினருக்குத் தெரிவிக்க இயலாது என்று பணிவுடன் சொன்னேன்.

"யாரு தம்பி மூணாம் தரப்பு? இந்த மாடிக்கு வாடக கட்டுறவளா?"

அழித்துவிடுங்கள்

பதில் வரவில்லை. தினமும் மின்னஞ்சல் பெட்டியைத் திறப்பேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். பிறகு ஒருநாள் ஈரக்காற்றிடமிருந்து ஒரே வரி வந்தது. தன் விவரங்களையும் தான் எழுதிய பின்னூட்டங்கள் அனைத்தையும் அழித்துவிட வேண்டுமாம். காரணம் எதுவும் இல்லை. காரணம் கேட்கப்பட மாட்டாது என்று கொள்கைப் பக்கத்தில் எழுதியவன் நான்தான்.

"ரெண்டு நாள் பொறுத்துச் செய்யேன்" என்றார் அக்கா. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் உரியவர் அழிக்கச் சொன்ன பிறகு, என்ன நியாயம் சொல்லி அதை வைத்துக்கொள்வது? நண்பர்களே, அழிப்பது என்றால் ஒரு பொத்தானை அழுத்துவது என்று நினைப்பீர்கள். எங்கள் தளம் பழையது. பின்னூட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்துதான் நீக்க வேண்டும். அரசியல் கட்டுரையின் கீழிருந்த மழையை நீக்கினேன். சமையல் குறிப்பின் கீழிருந்த ஆற்றை நீக்கினேன். கொடியில் காயாத துணிகள், கூரையில் நடக்கும் காற்று, வெள்ளம் வடிந்த வயலில் நின்ற கொக்கு. நீக்க நீக்க எங்கள் இதழ் பக்கம் பக்கமாகக் காய்ந்துகொண்டே வந்தது. கடைசியாக, இடது கை.

அக்கா தேநீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வைத்த சத்தம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

"கொள்கைய காப்பாத்திட்ட. அந்த மனுசன் நாளைக்குக் காலையில எதப் படிப்பாரு?"

இன்னொரு அழைப்பு

மறுநாள் நண்பகலில் கோவிந்தன் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். சந்தையிலிருந்து பேசினார் என்பது பின்னணியில் சத்தமே இல்லாததிலிருந்து தெரிந்தது. மன்னிப்புக்கான சொற்களைக் காலையிலிருந்தே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டு, தன் பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.

"அண்ணே, அவங்க கேட்டதாலதான் நான்..." என்று இழுத்தேன்.

"தெரியும் லா தம்பி, அவளே சொன்னா. முந்தாநாள் கூப்பிட்டா. அப்பா படிக்கிறாருன்னு தெரிஞ்சப்புறம் எழுத வெக்கமா இருக்காம், அதான் எடுக்கச் சொல்லிட்டா. இப்ப காலையில அவ பேச ஆரம்பிச்சா நான் பாசாருக்குப் போக நேரமாயிருது, இதுல உங்க பத்திரிகைய எப்ப படிக்கிறது?"

அந்த வாரம் எங்கள் வாசகர் எண்ணிக்கையில் இரண்டு குறைந்தது.