மழையன்று வந்த வெயில் வானம்

கோமதி அக்கா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் தோப்பும்படி பஸ்ஸில் உட்கார்ந்து அவளைத்தான் வைதுகொண்டிருந்தேன். காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. ஸ்டூடியோ சாவி அவளிடம். பாஸ்போர்ட் படத்துக்கு வரச் சொன்னவர்கள் வாசலில் நிற்கிறார்கள். மகாராணி இன்னும் எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் எழுந்திருக்கவேதான் இல்லை. மாடிக் கதவைத் திறந்து பார்த்த, கீழே இருக்கும் சுக்கு குடோனின் காவல்காரர் என்னைக் கூப்பிட்டு, "வள்ளி, மெதுவா வா. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். அவர் என்னிடம் அத்தனை மெதுவாகப் பேசியதே இல்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்காவைப் பற்றித் தமிழ்ச் சங்கத்து மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்றார்கள். கொச்சி மட்டாஞ்சேரித் தமிழர்களில் அவள் கேமராவுக்கு முன்னால் உட்காராதவர்கள் குறைவு. உங்கள் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் கடைசிப் பக்கத்தில் அவள் ஸ்டூடியோ முத்திரை இருக்கும். 'மறைந்தார்', 'விட்டுச் சென்றார்' என்றெல்லாம் எழுதினால் அவளுக்கே சிரிப்பு வரும். எனக்கு அவள் அக்கா. அவள், இவள் என்றுதான் எழுதுவேன். நான் மலையாளத்தில் படித்தவள். தமிழ் வீட்டில் கற்றது. பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவள் படம் எடுப்பாள், நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் சரிசெய்வேன். பரு எடுப்பது, கறுப்பு முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குவது, மூடிய கண்ணைத் திறப்பது, எல்லாம் என் வேலை. சாவு வீட்டுப் படங்களும் எங்களுக்கு வரும். பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கும். வளைகுடாவிலிருந்து வர முடியாத மகனை நான் அந்த வரிசையில் ஒட்டிக் கொடுப்பேன். ஒருமுறை அப்படி ஒட்டிய பையனுக்கு வெளிச்சம் இடப்பக்கம், மற்ற எல்லோருக்கும் வலப்பக்கம். அந்த வீட்டார் கவனிக்கவில்லை. அக்கா கவனித்துவிட்டாள். "ஏட்டி, ஆள ஒட்டு, குத்தமில்ல. வெளிச்சத்தப் பொய்யா வைக்காத. பெத்தவ அத மனசால கண்டுபிடிச்சிருவா" என்றாள். மறுபடி செய்யச் சொன்னாள். சோறு உண்ணப் போகவிடவில்லை. அன்றைக்கு அவளை எவ்வளவு வைதிருப்பேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

பிறகு ஊரடங்கு வந்தது. ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு அவள் மேல்மாடியில் தனியாக, நான் சுள்ளிக்கல்லில் என் வீட்டுக்காரரோடு. கை சும்மா இருக்காதே அவளுக்கு. எடுப்பதற்கு முகம் இல்லை, அதனால் மொட்டை மாடிக்கு ஏறி வானத்தை எடுக்கத் தொடங்கினாள். கிழக்கே காயலும் துறைமுகத்துக் கிரேன்களும், மேற்கே ஓட்டுக் கூரைகள். தினமும் சாயங்காலம் எங்கள் எல்லோருக்கும் வாட்ஸாப்பில் ஒரு வானம் வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் வீட்டுக்காரர் கணேசன், ஒரு ஹோட்டலில் சமையல்காரர், வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தார். அவர் போனில் அவளைச் சீண்டுவார். "என்ன அக்கா, ஆகாசத்தக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லலையா?" என்பார். "நீ ஒருத்தன் சிரிக்கிறது மதி, அதே போதும்" என்பாள் அவள்.

காயலுக்கு அக்கரையில் வைப்பின் தீவுக்காரர் ஒருவர் துபாயில் இருந்தார். அவருடைய அப்பா இங்கே இறந்துபோனார். விமானம் இல்லை. அடக்கத்துக்கு நாலு பேருக்கு மேல் விடவில்லை. பெட்டியைத் திறக்கவும் விடவில்லை. அவர் அக்காவுக்குப் போன் செய்து, எப்படியாவது அப்பாவை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று அழுதார். வாசலைத் தாண்டினால் போலீஸ். இவள் என்ன செய்வாள்? "எடுக்க முடியாது மோனே" என்று சொல்லிவிட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, "எத்தன மணிக்கு அடக்கம்?" என்று கேட்டாள். அந்த நேரத்துக்கு மாடி ஏறி, வைப்பின் இருக்கும் திசையில் வானத்தை எடுத்து அனுப்பினாள். "உங்கப்பா போகும்போது அவருக்கு மேல இருந்த ஆகாசம் இது" என்று எழுதினாள்.

அது பரவிவிட்டது. ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டார்கள். வீட்டில் சாவு, போக முடியவில்லை, நேரம் இது, ஒரு படம் எடுத்துத் தாருங்கள். அக்கா யாரிடமும் முடியாது என்று சொல்லவில்லை. நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு முன்னதாகவே ஏறிவிடுவாள். இறங்கி வந்ததும் தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளிப்பாள், சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி. படங்களை அளவு பார்த்து அனுப்புவது என் வேலை. ஒரு வானம் மங்கலாக இருந்தது. கொஞ்சம் நீலம் கூட்டட்டுமா என்று கேட்டேன். போனிலேயே சத்தம் போட்டாள். "ஆகாசத்துல கை வைக்காத. அன்னைக்கு எப்படி இருந்துதோ அதான் அவங்களுக்கு. கறுத்துக் கிடந்தா கறுப்பு. அத மாத்த நீ யாரு, நான் யாரு?"

எனக்கு அந்தப் படங்கள் பயத்தைக் கொடுத்தன, இப்போது சொல்கிறேன். என் கம்ப்யூட்டரில் வானங்கள் சேர்ந்துகொண்டே போயின. ஒன்றிலும் ஆள் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் திறக்கும்போது யாரோ என்னைப் பார்ப்பது போல இருக்கும். முதல் அலை ஓய்ந்தபின் ஒரு ஞானஸ்நானப் படத்துக்காக ஜங்கார் படகில் வைப்பின் போனோம். அந்தத் துபாய்க்காரரின் வீடு. கூடத்தில் அந்த வானத்தைச் சட்டம் போட்டு மாட்டி, மாலை போட்டு, கீழே சிவப்பு பல்பு எரியவிட்டிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா பேச்சுக்குப் பேச்சு திரும்பி அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பேசினார், கணவரிடம் கேட்பது போல. திரும்பி வரும்போது அக்கா ஜங்காரிலிருந்து இறங்குகிற நேரத்தில், "செஞ்சது சரியான்னு தெரியல வள்ளி" என்றாள். "ஆனா, நாம ஒண்ணுமே குடுக்காம இருந்தா அந்தச் சுவர் வெறுஞ்சுவரால்லா இருந்திருக்கும்."

இரண்டாம் அலையில் என் வீட்டுக்காரருக்கு வந்தது. எனக்கும் வந்தது. அவருக்கு மூச்சு முட்டியது, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். எனக்கு வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது, அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள் என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. அவர் போன சேதியும் போனில்தான் வந்தது. மறுநாள் பிற்பகல் எரிப்பார்கள், தொண்டர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் வெளியே வரக்கூடாது என்றார்கள். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. அவருக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. அக்காவிடம் நேரத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. "நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அன்றைக்குப் பிற்பகல் முழுக்க மழை. சும்மா மழை இல்லை, கடலே எழுந்து வந்த மாதிரி. நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மழையில் அக்கா மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கேமராவோடு நிற்கிறாள், அவருக்காக ஒருத்தி நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு ஒன்றுதான் என்னை நிற்க வைத்தது. இருட்டும் நேரத்தில் படம் வந்தது. பளிச்சென்ற வெயில் வானம்.

நான் அதைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கிப் பார்ப்பதுதானே என் பிழைப்பு. ஓரத்தில் அவள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு தெரிந்தது. வெளிச்சம் கிழக்கே காயல் பக்கமிருந்து விழுந்திருந்தது. அது காலை வானம். ஏதோ ஒரு நாளின் காலை. வைப்பின்காரருக்குப் பொய் சொல்லாதவள், நீலம் கூட்டட்டுமா என்றதற்கே சத்தம் போட்டவள், என் வீட்டுக்காரருக்கு மட்டும் பழைய படத்தைத் தூக்கி அனுப்பியிருந்தாள்.

ஸ்டூடியோ மறுபடி திறந்த அன்றே கேட்டுவிட்டேன். மனதில் வைத்துப் புழுங்க எனக்குத் தெரியாது.

"அக்கா, அன்னைக்கு மழைதானே?"

"மழைதான்."

"அப்ப அந்தப் படம்?"

அவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அன்னைக்கு நான் மாடிக்குப் போகலட்டி" என்றாள். "என்ன ஒண்ணும் கேக்காத."

நான் கேட்கவில்லை. மழைக்குப் பயந்து படுத்துவிட்டாள் என்று நினைத்தேன். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தோம், சாயாவைப் பாதிப் பாதியாகத்தான் குடித்தோம், அவளுக்குக் காய்ச்சல் என்றால் நான்தான் கஞ்சி கொண்டுபோனேன். ஆனால் மழை பெய்கிற ஒவ்வொரு பிற்பகலிலும் அந்த நேரம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். யாரும் அவரோடு இல்லை. பூமியிலும் இல்லை, மாடியிலும் இல்லை. ஒரு மூட்டையை எடுத்துப் போடுவது போல அவரை எடுத்துப் போட்டிருப்பார்கள். இத்தனை வருஷமும் என்னைத் தின்றது இதுதான். அவர் இறந்தது கூட இல்லை.

அக்காவை எடுத்துக்கொண்டு போன அன்று அவளுடைய தம்பி தென்காசியிலிருந்து வந்திருந்தார். பெண்கள் வாசலோடு நின்றுகொள்ளுங்கள் என்று யாரோ சொன்னார். நான் நிற்கவில்லை, வண்டியில் ஏறிவிட்டேன். ஒருவரை அப்படி விட்டது போதும். சுடுகாட்டில் ஷாஜி நின்றுகொண்டிருந்தான். தொற்றுக் காலத்தில் சுடுகாட்டு வேலை பார்த்த தொண்டர்களில் ஒருவன். என் வீட்டுக்காரருடைய அஸ்தியைச் சட்டியில் கொண்டுவந்து எங்கள் கேட்டில் வைத்துவிட்டு, தள்ளி நின்று கும்பிட்டுப் போனவன் அவன்தான். மலையாளி, எங்களோடு தமிழைக் கலந்து பேசுவான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"சேச்சி, ஞான் அறிஞ்சில்ல. கணேசண்ணனும் போயி, இப்ப அண்ணனோட அக்காவும் போயல்லோ."

"யாரு அக்கா?" என்றேன்.

"இவங்கதான். அன்னிக்கி மழையில வந்தாங்கல்லோ. நடந்தே வந்தாங்க. போலீஸ்கிட்டயும் சண்டை போட்டு வந்தாங்க. சொந்தக்காரங்க ஆரும் இல்ல, நாங்களே எடுக்கலாம்னு நிக்கிறப்ப வந்தாங்க. நீங்க ஆருன்னு கேட்டேன். 'நான் அக்கா. கூடப் பொறந்தவ'ன்னாங்க."

எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவன் சொல்லிக்கொண்டே போனான். முந்தானையில் அரிசி முடிந்து கொண்டுவந்திருந்தாளாம். உடலைச் சுற்றிய பையைத் திறக்கக்கூடாது என்று இவர்கள் சொன்னார்களாம். அவள் கெஞ்சவில்லையாம். தலை எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, தள்ளி நின்று, மூன்று தடவை அரிசியை அந்தப் பக்கமாகப் போட்டாளாம். எரிந்து முடிகிறவரை கூரைக்கு வெளியே மழையில் நின்றாளாம்.

"கையில கேமரா இருந்துச்சு, பிளாஸ்டிக் கவர்ல" என்றான் ஷாஜி. "தூரத்திலிருந்து ஒண்ணு வேணும்னா எடுத்துக்கோங்கன்னு ஞான்தான் சொன்னேன். வேண்டாம்னாங்க. 'அவ அதப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்துக்கிட்டே இருப்பா. அவள விடாது'ன்னாங்க."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அக்கா போன செய்தி வந்தபோது கூட அப்படி அழவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அவளுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கும்தான். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபமும் வந்தது. அதற்கும் எனக்கே பதில் தெரியும். சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். பை எப்படி இருந்தது, எந்த நிறம், எவ்வளவு நேரம் எரிந்தது, எல்லாம் கேட்டிருப்பேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். அதையெல்லாம் அவள் தனக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு வெயில் வானத்தை அனுப்பிவிட்டாள்.

அவள் கேமராவைத் தம்பி எடுத்துக்கொண்டு போனார், அதுதான் முறை. ஸ்டூடியோவை நான் நடத்துவேனா என்று பலர் கேட்கிறீர்கள், தெரியவில்லை. அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரு உறவுமுறை. அதை யாரும் கொடுக்கவில்லை, மழையில் நின்று அவளே உண்டாக்கியது.

பதினாறாம் நாள் விசேஷம் தென்காசியில், தம்பி வீட்டில். போனேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியம்மா, "நீ கோமதிக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"தம்பி பொண்டாட்டி" என்றேன்.

அவள் பரிமாறிக்கொண்டிருந்த தம்பி மனைவியைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். "கோமதிக்கு ஒரு தம்பிதானட்டி?"

"கொச்சியில இன்னொருத்தர் இருந்தாரு" என்றேன். "முந்தியே போயிட்டாரு. அவருக்கு அக்காதான் வாய்க்கரிசி போட்டா."